மயிலின் கழுத்தில் ஒரு பொட்டு: கலம்காரிப் பை வாங்கி ஏமாந்தேன்

நவராத்திரிக்கு முன்பு மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கண்காட்சியில் 1,850 ரூபாய் கொடுத்து ஒரு கலம்காரித் தோள்பை வாங்கினேன் (கலம் என்னும் எழுதுகோலால் துணியில் வரைந்து சாயமேற்றும் கலைதான் கலம்காரி). "காளஹஸ்தியில் கையால் வரைந்தது அம்மா, எல்லாம் இயற்கைச் சாயம்" என்றார் கடைக்காரர். கறுப்புக் கோட்டில் மயில், சுற்றிலும் கொடி. மயிலின் கழுத்தருகே மை சொட்டியதுபோல ஒரு சிறு பொட்டு. அதைக் காட்டிக் கேட்டேன். "கைவேலை என்றால் அப்படித்தான் இருக்கும். அதுதான் அழகு." அந்தப் பதிலில் மயங்கித்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

பத்தே நாளில் மழையில் மாட்டிக்கொண்டேன். பையின் உள்ளே தைத்திருந்த சிவப்பு லைனிங் சாயம் விட்டு, என் சந்தன நிறப் பருத்திப் புடவையில் இடுப்பளவுக்குத் திட்டுத் திட்டாக இறங்கிவிட்டது. அடியில் பசை போட்டு ஒட்டியிருந்த அட்டை ஊறி அப்பளம்போல வளைந்தது. போனில் கேட்டேன். "இயற்கைச் சாயம் கொஞ்சம் போகத்தான் செய்யும் அம்மா." லைனிங் துணியில் என்ன கலம்காரி இருக்கிறது?

அம்மாவின் ஊர் கும்பகோணம் பக்கம். சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில் தொம்பைகளுக்கு (உருளை வடிவில் தொங்கவிடும் அலங்காரத் துணிகள்) கலம்காரி வரைவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன் (கருப்பூர் கலம்காரி என்று 2021இல் புவிசார் குறியீடு பெற்றது அதுதான்). துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைப்பார்கள். இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்துக் கறுப்பு எடுப்பார்கள். சிவப்பு பிடிக்கப் படிகாரம். நடுநடுவே தண்ணீரில் அலசி அலசியே ஒட்டாத சாயத்தைப் போக்கிவிடுவார்கள். இவ்வளவு பார்த்தவள் ஒரு பொட்டில் ஏமாந்தேன் என்பதுதான் எரிச்சல்.

உண்மை வெளிப்பட்டது தீபாவளியன்று. நாத்தனாரும் அதே கடையில் அதே பையை வாங்கியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். அவருடைய மயிலுக்கும் கழுத்தருகே பொட்டு. அதே இடம், அதே அளவு. கொடியில் கோடு நடுங்கிய இடங்களும் அப்படியே. யாரோ ஒருவர் கையால் வரைந்ததைப் படமெடுத்து இயந்திரத்தில் அச்சடித்திருக்கிறார்கள், கை நடுக்கத்தையும் சேர்த்து! தையலைப் பிரித்துப் பார்த்தால், துணியின் பின்புறம் ஏறக்குறைய வெள்ளை.

அச்சுத் துணி விற்பது குற்றமில்லை. 400 ரூபாய் என்று சொல்லி விற்றிருந்தால் நானே வாங்கியிருப்பேன்.

நீங்கள் வாங்கப் போனால், ஒரே வடிவத்தில் இரண்டு பைகளை எடுத்துப் பிழைகளை ஒப்பிடுங்கள். கையால் வரைந்தவற்றில் இரண்டு பிழைகள் ஒத்துப்போகாது. ஓரத்தில் துணியின் பின்புறம் தெரிகிறதா, அங்கேயும் கோடு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஈர வெள்ளைக் கைக்குட்டையால் லைனிங்கைத் தேயுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அடி அட்டை கழற்றும்படி இல்லையென்றால் அந்தப் பையைத் துவைக்கவே முடியாது. அசல் கிடைத்தால் பூந்திக்கொட்டை நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். எலுமிச்சை, புளி பட்டால் அந்த இரும்புக் கறுப்பு வெளுத்துவிடும்.

மூன்று முறை அழைத்த பிறகு 500 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். இன்னும் வரவில்லை. அதே மண்டபத்து வாசலில் பொங்கல் கண்காட்சிக்கு மறுபடி பேனர் கட்டியிருக்கிறார்கள். பேனரில் அந்த மயில்தான், பொட்டோடு.