மூன்று வருடமாக ஒரே லாட்ஜ்: வேலூரில் ஒரு 'பசுமை' அனுபவம்

அப்பாவின் சிகிச்சைக்காக மூன்று வருடமாக வேலூர் போய்வருகிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு செக்கப், ஒவ்வொரு தடவையும் நாலைந்து நாள். சி.எம்.சி. பக்கத்துத் தெருவில், 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று போர்டு வைத்த லாட்ஜில்தான் எப்போதும் தங்குகிறோம்.

முதலில் குடிநீர். மாடிக்கு ஒரு ஆர்.ஓ. குழாய், அறைக்கு ஒரு எவர்சில்வர் ஜக். முதல் வருடம் அந்தக் குழாயை யாரும் தொடவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தண்ணீர் பாக்கெட்டுக்குத் தடை, பாட்டிலுக்குக் கிடையாது. வங்காளத்திலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கும் குடும்பங்களும் சரி, நாங்களும் சரி, பாட்டில்தான் வாங்கினோம். தினமும் காலையில் எங்கள் மாடியிலிருந்து மட்டும் ஒரு சாக்கு காலி பாட்டில் இறங்கும். இதை அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆபரேஷன் முடிந்த உடம்புக்கு, எங்கிருந்து வருகிறதென்று தெரியாத தண்ணீரை எப்படிக் கொடுப்பது?

அப்புறம் ஒரு தடவை போனபோது, குழாய்க்கு மேலே ஒரு அட்டை தொங்கியது. ஃபில்டர் மாற்றிய தேதி, மாற்றியவர் கையெழுத்து, இரண்டும் பேனாவில். அன்று சாயங்காலம் குழாயடியில் ஜக்கோடு நாலு பேர் நின்றார்கள். எங்களுக்கும் அந்தத் தேதிதான் தைரியம் கொடுத்தது.

வெந்நீர் சோலாரில், காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. ஒரு வாளி பச்சைத்தண்ணீர் வந்த பிறகுதான் சூடு ஏறும். அந்த வாளியை நானும் கொட்டிக்கொண்டுதான் இருந்தேன். அறை பெருக்க வரும் அக்கா பார்த்துவிட்டு, "கீழ ஊத்தாதீங்க சார், துணி அலச வெச்சுக்கங்க. எல்லாம் லாரித் தண்ணி" என்றார். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு லாரி வந்து சம்ப்பில் குழாயைப் போட்டதை ஜன்னலில் பார்த்தேன். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் கீழே மணலைப் பார்த்தவன்தான் நான். ஆனால் அந்த லாரியைப் பார்த்த பிறகு வாளியைக் கொட்ட மனசு வரவில்லை.

துண்டைத் தினமும் மாற்றக் கேட்காதீர்கள் என்ற 'பூமியைக் காப்போம்' அட்டையை யாரும் மதிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஹோட்டல் துண்டுகளைப் பற்றி 2008-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வைப் படித்திருந்தேன். சுற்றுச்சூழலைக் காக்கச் சொன்ன அட்டைக்குச் சுமார் 35 சதவீதம் பேர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள். விருந்தினரில் பெரும்பாலோர் அப்படிச் செய்கிறார்கள் என்று எழுதியபோது அது 44 ஆனது. மேனேஜரிடம் சொன்னேன். பாதிப் பேருக்கு மேல் துண்டை மாற்றக் கேட்பதில்லை என்று அக்காவிடம் விசாரித்துக்கொண்டு, தமிழிலும் வங்காளத்திலும் அப்படியே எழுதி ஒட்டினார். பலன் அடுத்த தடவை தெரியும்.

ஏசியில் மட்டும் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. மே மாத வேலூர் வெயிலில் 24-ல் வைக்கச் சொன்னால் சண்டைதான்.

ஒரு பெரிய குறை உண்டு. மார்கழியில் மேகம் மூடினால் வெந்நீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். இரண்டு தடவை அப்பாவுக்குக் கெட்டிலில் சுடவைத்துத்தான் உடம்பு துடைத்துவிட்டேன். நோயாளிகள் தங்கும் இடத்தில் இது கூடாது. மாடிக்கு ஒரு கீசராவது வையுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து லாட்ஜைவிட நூறு ரூபாய் வாடகை அதிகம்தான், இருந்தும் ஆவணியில் இங்கேதான் ரூம் சொல்லியிருக்கிறோம்.