அமெரிக்காவுக்கு டிக்கெட் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு "17 மணி நேரம்தான் சார்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். அதை நம்பித்தான் மே மாதம் 68 வயது அம்மாவைத் தனியாகத் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன்.

ஏஜென்ட் தன் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். தூரம் சுமார் 13,900 கி.மீ., நேரம் 17 மணி. இரண்டு ஊருக்கும் நடுவே உலக உருண்டை மேல் மிகக் குறுகிய கோடு இழுத்து, அதை விமானத்தின் சராசரி வேகத்தால் வகுத்து வரும் கணக்கு அது. சென்னையிலிருந்து அங்கே நேரடி விமானமே கிடையாது. மூடிய வான்வெளியைச் சுற்றிப் போவது, நடுவில் காத்திருப்பது எதுவும் அந்தக் கணக்கில் சேராது. எனக்கு இது அப்புறம்தான் புரிந்தது.

அவர் கொடுத்தது ஒரே டிக்கெட் இல்லை. சென்னை–டெல்லி ஒரு பி.என்.ஆர். (முன்பதிவு எண்), டெல்லி–சான் பிரான்சிஸ்கோ வேறொரு பி.என்.ஆர். கனெக்டிங் ஃப்ளைட் என்றே சொல்லிப் பணம் வாங்கினார். அமெரிக்க டிக்கெட்டில் 23 கிலோ பெட்டி இரண்டு கொண்டுபோகலாம். உள்நாட்டு டிக்கெட்டில் 15 கிலோதான். சென்னை கவுன்டரில் மீதி 31 கிலோவுக்கு 18,000 ரூபாய்க்கு மேல் கட்டினேன். அதுகூடப் பரவாயில்லை. டெல்லியில் அம்மா பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் வீல்சேர் உதவி முடிந்துவிட்டது, ஏனென்றால் அந்த டிக்கெட் அங்கேயே முடிகிறது. முட்டி வலியோடு டெர்மினல் 1-லிருந்து டெர்மினல் 3-க்கு டாக்சி பிடித்து, இந்தி தெரியாமல், யார் யாரையோ கேட்டுப் போயிருக்கிறார். போனில் அவர் குரல் நடுங்கியது இன்னும் என் காதில் இருக்கிறது.

சென்னையில் மதியம் 1 மணிக்குக் கிளம்பினார். டெல்லியில் அடுத்த விமானம் விடிகாலை 3.30-க்கு. அதன் பிறகு 16 மணி நேரப் பறப்பு. மொத்தம் முப்பதரை மணி நேரம். தாளில் பார்த்தால் டெல்லியில் 3.30-க்குக் கிளம்பி அதே தேதி காலை 7 மணிக்கு இறங்குவதாக இருக்கும். கோடையில் அவர்கள் நேரம் நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியது. அதைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

கேட்டதற்கு, "வானத்தில் இருக்கும் நேரத்தைத்தான் சொன்னேன்" என்றார் ஏஜென்ட். அதுவும் பொய். டெல்லிக்கு 3, அங்கிருந்து 16, ஆக 19.

பணம் கட்டும் முன் பி.என்.ஆர். ஒன்றுதானா, பெட்டி கடைசி ஊர் வரை போகுமா, வீட்டுப் பெரியவர் எங்கே எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பார் என்று எழுதி வாங்குங்கள். முதல் விமானம் தாமதமானால், தனி டிக்கெட்டில் அடுத்த விமானக்காரர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். அம்மா திரும்பி வரும் டிக்கெட்டும் இதே மாதிரி இரண்டு துண்டுதான். அதை நஷ்டத்தோடு ரத்து செய்துவிட்டு, ஒரே பி.என்.ஆரில் வேறு போட்டுவிட்டேன்.