பந்தா, வளையமா? ஒரே டிரெய்லர், மூன்று வண்டி

எண்ணூர் ரோட்டுப் பக்கம் வளர்ந்தவனிடம் டிரெய்லர் என்றால் கன்டெய்னர் டிரெய்லர்தான் கண்ணில் நிற்கும். நாற்பதடிப் பெட்டியைச் சுமந்துகொண்டு துறைமுக கேட்டுக்கு வரிசையில் கிடக்குமே, அது. அந்த வரிசையின் இடுக்கில் சைக்கிளை விட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அதனால் சித்தப்பா மகன் ஒரு சின்ன கேரவன் டிரெய்லரை செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்து தண்டையார்பேட்டை வீட்டு வாசலில் நிறுத்தியபோது, பின்னால் மாட்டி இழுக்க வேண்டியதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மாட்டுவதற்குள்ளேயே மூன்று கட்சி ஆகிவிட்டது. தம்பி வளையம் கட்சி. டிராக்டரில் இருப்பதுபோல, டிரெய்லரின் முன்னால் நீளும் ஏர்க்கால் நுனியில் ஒரு வளையம், வண்டிப் பின்னால் ஒரு தட்டு, நடுவில் ஒரு பின். நான் பந்து கட்சி. வண்டிப் பின்னால் ஒரு இரும்பு உருண்டை, அதன் மேல் கிண்ணம்போலக் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும் கப்ளிங். மூன்றாவது, பக்கத்துத் தெரு அண்ணன். முப்பது வருஷம் கன்டெய்னர் ஓட்டி ஓய்ந்தவர். எங்கள் இரண்டு பேர் சாமானையும் பார்த்துவிட்டு, “இன்னாடா இது, சொப்பு சாமான்?” என்றார். அவருக்கு ஃபிஃப்த் வீல், அதாவது கன்டெய்னர் வண்டியின் முதுகில் டிரெய்லரைப் பூட்டும் தட்டு, அது தவிர மற்றதெல்லாம் விளையாட்டு.

முதலில் டிரெய்லரைப் பற்றி. பத்தடி நீளம், ஒற்றை ஆக்ஸில், இரண்டு பேர் படுக்க இடம், கேஸ் அடுப்பு, நூறு லிட்டர் தண்ணீர் டேங்க். எல்லாவற்றையும் ஏற்றி மணலிப் பக்கம் ஒரு வே பிரிட்ஜுக்குக் கொண்டுபோனோம். டேங்கர் லாரி எடை போடுகிற மேடையில் இது ஏறி நின்றதைப் பார்த்து சீட்டு எழுதுகிறவர் சிரித்துவிட்டார். 700 கிலோ. யார் டிரெய்லர் வாங்கினாலும் முதல் வேலை இதுதான். விற்றவர் சொன்ன எடை காலி வண்டியின் எடை. அதில் தண்ணீரும் சிலிண்டரும் மெத்தையும் நம் பெட்டி படுக்கையும் கிடையாது.

வளையத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. மலிவு. எந்த வெல்டிங் பட்டறையிலும் கிடைக்கும். மேடு பள்ளத்தில் டிரெய்லர் எப்படிச் சாய்ந்தாலும் கொடுத்துப் போகும். வயலில் இறங்கி ஏறுகிற டிராக்டருக்கு இது போதும். ஆனால் பின்னுக்கும் வளையத்துக்கும் நடுவில் எப்போதும் ஆட்டம் இருக்கும். டிராக்டர் போகிற வேகத்தில் அது தெரியாது. தம்பியின் பொலிரோவில் மாட்டி ஐம்பதில் போனபோது தெரிந்தது. பிரேக் தொட்டால் ஒரு ‘டொக்’, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஒரு ‘டொக்’. ஒவ்வொரு டொக்கும் பின்னையும் வெல்டிங்கையும் சுத்தியல் போட்டு அடிக்கிற மாதிரி.

பந்தில் அந்த ஆட்டம் இல்லை. உருண்டையைக் கிண்ணம் கவ்விக்கொள்வதால் எல்லாப் பக்கமும் திரும்பும், ஆனால் முன்பின் இடைவெளி இருக்காது. அதில் கவனிக்க வேண்டியது அளவு. ஐரோப்பிய அளவு 50 மில்லிமீட்டர். அமெரிக்காவில் ஒன்றே முக்கால் இஞ்சுக்குக் கொஞ்சம் மேல், அதாவது 47.6 மில்லிமீட்டர், அப்புறம் 2 இஞ்சு, அதாவது 50.8, அதற்கும் பெரிது ஒன்று உண்டு. இரண்டு இஞ்சுக் கிண்ணத்தைச் சின்ன பந்தின் மேல் கவிழ்த்தால் பூட்டியதுபோலவே இருக்கும். லீவர் கூட இறங்கிவிடும். ஒரு பெரிய பள்ளத்தில் தூக்கிப் போட்டால் கழன்றுவிடலாம். நல்ல பந்தில் அதன் அளவும், தாங்கும் எடையும் பொறித்திருக்கும். ஒன்றும் பொறிக்காத, பளபளவென்று குரோம் மட்டும் பூசிய பந்தைச் சும்மா கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அது பந்தாவுக்குத்தான் ஆகும்.

மாட்டிய பிறகு பூட்டியதா என்று பார்க்கச் சுலபமான வழி: டிரெய்லரின் ஜாக்கைச் சுற்றி ஏர்க்காலை மேலே தூக்கிப் பாருங்கள். வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழும்ப வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளிங்குக்குக் கீழே குறுக்காக, பெருக்கல் குறி மாதிரி போட வேண்டும். கழன்றால் ஏர்க்கால் ரோட்டில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும்.

இனி அண்ணனின் ஃபிஃப்த் வீல். அவர் சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது. கன்டெய்னர் வண்டியில் கிங் பின், அதாவது டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பின், உட்காரும் இடம் இழுக்கும் முன்வண்டியின் பின் ஆக்ஸிலுக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே. பின்னால் வருவது ஆடினாலும் முன்வண்டியின் வாலைப் பிடித்துத் திருக அதற்கு நீளம் கிடைக்காது. பந்தோ வளையமோ என்றால் பம்பருக்கும் பின்னால், ஆக்ஸிலிலிருந்து மூன்று நாலு அடி தள்ளி. அந்த நீளம்தான் ஆட்டத்துக்குக் கைப்பிடி. அமெரிக்காவில் பெரிய கேரவன்களைப் பிக்கப்பின் தொட்டிக்குள் ஃபிஃப்த் வீல் போட்டு இழுப்பது இதற்காகத்தான். ஆனால் டிரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் அந்தப் பின் மேல் உட்காரும். பெரிய பிக்கப்புக்கு ஆன வேலை. எங்கள் 700 கிலோவுக்கு அது யானைச் சங்கிலி.

சரி, பந்துக்கு மாறினோம். ‘டொக்’ போனது. டிரெய்லரின் பக்கவாட்டு ஆட்டம் போகவில்லை.

செங்குன்றம் தாண்டி, காரனோடைப் பாலம் தாண்டி, கொல்கத்தா ஹைவேயில் எண்பதைத் தொட்டபோது ஒரு டேங்கர் எங்களை முந்தியது. அதன் காற்று முதலில் டிரெய்லரை வெளியே தள்ளியது, பிறகு உள்ளே இழுத்தது. இரண்டாவது ஆட்டம் முதலாவதைவிடப் பெரிது, மூன்றாவது அதைவிட. பொலிரோவின் பின்புறத்தை யாரோ பிடித்து உலுக்குகிற மாதிரி இருந்தது. தம்பி பிரேக்கை மிதிக்கப் போனான். பின் சீட்டிலிருந்த அண்ணன் கத்தினார்: “பிரேக்க தொடாத! கால எடு, ஸ்டேரிங்க நேரா புடி, அவ்ளோதான்!” வேகம் தானாக இறங்கி அறுபதுக்கு வந்ததும் அடங்கியது. அந்த நேரத்தில் வண்டி பிரேக்கை ஓங்கி மிதித்திருந்தால் பின்னாலிருந்து வரும் 700 கிலோ எங்களைக் குறுக்கே மடக்கியிருக்கும். டிரெய்லருக்குத் தனி எலக்ட்ரிக் பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் லேசாகப் போடலாம். எங்களிடம் அது இல்லை.

நான் பந்தின் மேல் பழி போட்டேன். அண்ணன் மறுத்துவிட்டார். “கொக்கிய குத்தம் சொல்லாத தம்பி. முன்பாரம் இருக்குதா பாரு.”

மாட்டு வண்டிக்காரர்கள் சொல்கிற அதே முன்பாரம்தான். பாரம் பின்னால் போனால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். அதிகமாக முன்னால் வந்தால் கழுத்தை அழுத்தும். டிரெய்லரில் ஏர்க்கால் நுனி பந்தின் மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் கணக்கு. அமெரிக்கக் கணக்கில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். ஐரோப்பாவில் கேரவனுக்கு 5 முதல் 7 என்பார்கள். அங்கே வேகக் கட்டுப்பாடும் கேரவன் கட்டுமானமும் வேறு. அதற்குக் கீழே போனால் வால் கனத்து, பின்புறம் ஊசலாட ஆரம்பிக்கும்.

அளக்க எந்தக் கருவியும் வாங்கவில்லை. எங்கள் தெரு முனைக் காயலான் கடையில் எலக்ட்ரானிக் மேடைத் தராசு இருக்கிறது. டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பந்து இருக்கும் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையைத் தராசின் மேல் நிறுத்தி, அதில் ஏர்க்கால் நுனியை இறக்கினோம். கட்டையின் எடையைக் கழித்தால் 24 கிலோ. மூன்றரை சதவீதம் கூட இல்லை. கடைக்காரர், “இதுக்கு என்ன காசு கேட்குறது?” என்று யோசித்து, டீ வாங்கித் தரச் சொன்னார்.

குற்றவாளி தண்ணீர் டேங்க். ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் நூறு கிலோ. அதைக் கழற்றி ஆக்ஸிலுக்கு நாற்பது சென்டிமீட்டர் முன்னால் வைத்தோம். ஏர்க்கால் நுனியிலிருந்து ஆக்ஸில் இரண்டரை மீட்டர். ஆக, நூறு கிலோ 1.4 மீட்டர் நகர்ந்தால் நுனியில் கூடுவது 56 கிலோ. திரும்ப அளந்தபோது 80 காட்டியது. அதே பொலிரோ, அதே பந்து, அதே ரோடு. லாரி முந்தும்போது ஒரு தள்ளல், அதோடு சரி.

ஹிட்ச், அதாவது மாட்டும் கொக்கி, எது என்று ஒரு மாதம் சண்டை போட்டோம். தீர்வு ஒரு டேங்கை நாலரை அடி தள்ளி வைத்ததில் இருந்தது.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்று ஒன்றையும் பலர் கேட்கிறார்கள். பந்தோடு சேர்த்து இரண்டு ஸ்பிரிங் கம்பிகள், ஏர்க்காலை நெம்பி, பின்புறம் உட்காரும் பாரத்தில் ஒரு பங்கை முன் சக்கரத்துக்குத் திருப்பி அனுப்பும். கேரவனை மாட்டியதும் வண்டியின் வால் தாழ்ந்து ஹெட்லைட் வானத்தைப் பார்த்தால் அது தேவை. எங்களுக்கு 80 கிலோ. டிக்கியில் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி. தேவையில்லை. முன்பாரம் குறைவாக ஏற்றிய தப்பை இது சரி செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வண்டிக்கு வருவோம். எல்லோரும் எஞ்சினைத்தான் கேட்பார்கள். பொலிரோ 75 குதிரை, 210 நியூட்டன் மீட்டர். மாமாவின் ஸ்கார்ப்பியோ என் டீசல் 175 குதிரை. நண்பனின் இசுசு வி கிராஸ், நம்ம பக்கத்து ஸ்ரீசிட்டியில் தயாராவது, 163 குதிரை. மூன்றுமே லேடர் சேஸிஸ், அதாவது அடியில் ஏணி மாதிரி இரும்புச் சட்டம், அதனால் ஹிட்சைப் பிடித்துப் போல்ட் போட உருப்படியான இரும்பு இருக்கிறது. மூன்றும் இழுத்தன. பொலிரோ ஃபிளைஓவரில் மூன்றாவது கியரைக் கேட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வித்தியாசம் நிறுத்துவதில். பொலிரோ ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் மேல், மற்ற இரண்டும் சுமார் இரண்டு டன். டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால் அந்த 700 கிலோவையும் முன்வண்டிதான் பிடித்து நிறுத்த வேண்டும். வேகம் 60-லிருந்து 80 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் உச்சம், அதுவும் இழுக்கும் வண்டியின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. பொலிரோ அந்தக் கணக்கில் தேறும். மழை நாளில் மீஞ்சூர் ரோட்டில் தேறாது என்பது என் கட்சி. எதிரே மாடு வந்தால் புரியும்.

ஆஸ்திரேலியாவில் ஸ்கார்ப்பியோவுக்கு டிரெய்லர் பிரேக்கோடு 2,500 கிலோ, வி கிராஸின் அங்கத்திய வடிவமான மூன்று லிட்டர் டி மேக்ஸுக்கு 3,500 கிலோ என்று அனுமதி. அதைப் படித்துவிட்டு இங்கே வாங்கிய வண்டியில் அப்படியே மாட்டக் கூடாது. நாட்டுக்கு நாடு எஞ்சின், ஸ்பிரிங், கூலிங், ஹிட்ச் எல்லாம் மாறும். கையில் இருக்கும் வண்டியின் கையேட்டில் எண் இருக்கிறதா பாருங்கள். எண் இல்லையென்றால் கம்பெனி ‘இழு’ என்று சொல்லவில்லை என்று அர்த்தம்.

எனக்குப் பிடித்தது வி கிராஸ். 3,095 மில்லிமீட்டர் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம். பொலிரோவுக்கு 2,680, ஸ்கார்ப்பியோவுக்கு 2,750. நீளமான வண்டியை டிரெய்லர் சுலபமாக வாலைப் பிடித்துத் திருப்ப முடியாது. ஓட்டும்போது பின்னால் ஒன்று இருப்பதே மறந்துவிடுகிறது. அதுவும் நல்லதல்ல, யூ டர்னில் டிவைடரைத் தேய்த்தது நான்தான். ஊருக்குள் அன்றாடம் ஓட்டவும் வேண்டும் என்றால் ஸ்கார்ப்பியோ. முன் சக்கரத்தில் ஓடும், தனி இரும்புச் சட்டம் இல்லாத மோனோகாக் எம்பிவிகளைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரே வரி: டிரெய்லரின் முன்பாரம் வண்டியின் வாலில் உட்கார்ந்தால் முன் சக்கரத்தின் பிடி குறையும், ஏற்றத்தில் ஈர ரோட்டில் சுழலும்.

பிரேக்கில் எங்கள் தேர்வு ஓவர்ரன். முன்வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலே கப்ளிங்கை அமுக்கி டிரெய்லர் பிரேக்கைப் போடும். எந்த வண்டியிலும் மாட்டலாம். எலக்ட்ரிக் இன்னும் நல்லது, ஆனால் இழுக்கிற ஒவ்வொரு வண்டியிலும் கன்ட்ரோலர் வேண்டும். எங்களுக்கோ வாரத்துக்கு ஒரு வண்டி. எதுவானாலும், டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைப் போட்டுவிடும் பிரேக்அவே வயர் வேண்டும். கன்டெய்னரில் காற்றுக் குழாய் அறுந்தால் டிரெய்லர் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும் அல்லவா, அதே தத்துவம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். பதிவு, தனி நம்பர் பிளேட் வேண்டும். வண்டியில் ஹிட்ச் போடுவதற்கு முன் ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். கடற்கரை ஊர் என்பதால் லீஃப் ஸ்பிரிங்கும் சங்கிலியும் உப்புக் காற்றில் சீக்கிரம் உதிரும்; மாதம் ஒரு முறை கழுவி கிரீஸ் வைக்கிறோம்.

ரிவர்ஸ் மட்டும் பாக்கி. பழவேற்காடு போய்த் திரும்பிய இரவு, தெருவுக்குள் டிரெய்லரைப் பின்னால் தள்ளி நிறுத்த அண்ணன் உட்கார்ந்தார். நாற்பதடிப் பெட்டியை யார்டில் ஒரே மூச்சில் சொருகியவர். ஸ்டியரிங்கை ஒரு சுற்று சுற்றுவதற்குள் பத்தடி டிரெய்லர் மடங்கி எதிர்வீட்டுத் திண்ணைக்கு மூக்கு கொடுத்தது. நீளமான டிரெய்லர் மெதுவாகக் கேட்கும். குட்டையானது சொல்வதற்கு முன்பே திரும்பிவிடும். நான்கு முறை முயன்றார். தெருவே வேடிக்கை பார்த்தது. கடைசியில் பந்திலிருந்து கழற்றி, நாலு பேர் பிடித்து, மீன்பாடி வண்டியைத் தள்ளுகிற மாதிரி தள்ளி உள்ளே விட்டோம். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, “ஃபிஃப்த் வீலுன்னா இந்த வேலை நடக்குமா?” என்றார். நாங்கள் பந்து கட்சி ஜெயித்ததாக எடுத்துக்கொண்டோம்.