வீடு வாங்கப் போகிறீர்களா? என் 14 மாதச் சம்பளம் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வீடு வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதித் தருவதாகச் சிலரிடம் சொல்லியிருந்தேன். அதையும் எழுதுகிறேன். முதலில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். போன பணம் என் 14 மாதச் சம்பளம். வீட்டின் விலை இதில் சேராது. வாங்கிய வீடு சரியாமல் இருக்கச் செய்ய வேண்டிய வேலைக்கு மட்டும் இவ்வளவு.

வீடுகளை இணையத்தில் பட்டியல் போட்டு, பார்க்கக் கூட்டிப் போவதற்குத் தரகரையும் அனுப்பும் தளம் ஒன்றில்தான் இந்த வீட்டைப் பிடித்தோம். படத்துக்குப் பக்கத்திலேயே 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை முத்திரை. விற்பவரின் அடையாளத்தை மட்டும்தான் சரிபார்த்தார்களாம். வீட்டை யாரும் பார்க்கவே இல்லை. இது எனக்குப் போன வாரம்தான் தெரிய வந்தது.

தரகர் நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தார். மொட்டை மாடித் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றதும் தானே ஏணியைத் தூக்கி வந்து, நான் இறங்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றார். பின்பக்க அறையின் கதவு மட்டும் நிலையில் உரசியது. தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. என் மனைவி அப்போதே கேட்டாள். "மரக்கதவுதானே அக்கா, ஈரக்காற்றில் உப்பியிருக்கும், இழைத்துவிட்டால் சரியாகிவிடும்" என்றார். அந்த அறையில் சுவரை ஒட்டிப் பெரிய அலமாரி ஒன்று நின்றது. வீட்டிலேயே அந்த அறைக்கு மட்டும் புதுப் பெயிண்ட் வாசனை. இரண்டையும் பார்த்தேன், இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

வெளியிலிருந்து ஒரு கட்டடப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டலாம் என்று இருந்தோம். அதைச் சொன்னதும் தரகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எதற்கு அண்ணா தனிச் செலவு? எங்கள் தளத்திலேயே பரிசோதகர் இருக்கிறார், பாதிக் கட்டணம்தான். என்னை உங்கள் தம்பி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். சரி என்றேன். அந்த ஒரு சொல்லுக்குத்தான் 14 மாதச் சம்பளம்.

பரிசோதகர் வந்தார், முக்கால் மணி நேரம் இருந்தார், நிறையப் படம் எடுத்தார். அலமாரியை நகர்த்தவில்லை. அறிக்கையில் 'கட்டுமானம் திருப்திகரம்' என்று இருந்தது. அன்று மாலையே முன்பணம் கொடுத்தோம்.

குடிவந்து நான்கு மாதத்தில் அந்த அறைக் கதவு மூடவே மறுத்தது. அலமாரியை நகர்த்தினால், ஜன்னல் மூலையிலிருந்து தரை வரை படிக்கட்டு மாதிரி இறங்கும் விரிசல். மேலே என் சுண்டுவிரல் நுனி உள்ளே போனது, கீழே முடியளவு. இந்த முறை நாங்களே தேடிப் பிடித்த பொறியாளர் வந்தார். ஓரத்தைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குப் பட்டி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெள்ளை. "மூன்று தடவை அடைத்திருக்கிறார்கள் சார்" என்றார். அதாவது விற்றவருக்குத் தெரியும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்குகிறது.

விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் அது இரண்டாக உடைந்திருந்தது. சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். பூமிக்குள் கழிவுநீர்க் குழாய் உடைந்து, கசிந்த தண்ணீர் அஸ்திவாரத்துக்கு அடியில் இருந்த மண்ணை அரித்துக்கொண்டே போயிருக்கிறது. குழாயை மாற்றி, அஸ்திவாரத்துக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி கான்கிரீட் போட வேண்டும். மொத்தமாகத் தோண்டினால் சுவரே இறங்கிவிடும் என்பதால் ஒரு மீட்டர், ஒரு மீட்டராக விட்டு விட்டுத்தான் செய்ய முடியுமாம். அதற்குத்தான் 14 மாதச் சம்பளம்.

தரகரைக் கூப்பிட்டேன். முதல் நாள் "பார்க்கிறேன் அண்ணா". இரண்டாம் நாள் "மீட்டிங்கில் இருக்கிறேன்". மூன்றாம் நாளிலிருந்து எடுப்பதே இல்லை. தளத்தின் வாடிக்கையாளர் சேவையில் புகார் எண் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே தங்கள் வேலை என்று பதில். மறுபடி எழுதினேன். அதே பதில், ஒரு எழுத்துகூட மாறாமல், கீழே 'எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்ற கேள்வியோடு. பரிசோதகரோ அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். பொருட்களுக்குப் பின்னால் இருப்பது பரிசோதனையில் அடங்காது, பொறுப்பு கட்டணத் தொகைக்கு மேல் போகாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. 14 மாதச் சம்பளத்துக்குப் பதிலாகப் பாதிக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறாராம்! விற்றவரின் எண் உபயோகத்திலேயே இல்லை. வழக்கறிஞரைப் பார்த்திருக்கிறோம். அந்தப் பட்டி அடுக்குகளைப் படம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

பார்க்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நிறைய எழுதத் தெம்பில்லை. பரிசோதிக்கும் ஆளை நீங்களே பிடியுங்கள். விற்பவர் தரப்பு காட்டும் ஆள் வேண்டவே வேண்டாம். அவர் வரும்போது கூடவே இருங்கள், அலமாரி, கட்டில், திரைச்சீலை எல்லாவற்றையும் நகர்த்தச் சொல்லுங்கள். முடியாது என்றால் அங்கேயே கிளம்பிவிடுங்கள். பூச்சில் வரும் நூலிழை விரிசல் எல்லா வீட்டிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். விரிசலின் அகலம் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், ஒரு முனை அகலமாக இருந்தால், படிப்படியாக இறங்கினால் விடாதீர்கள். ஒரே ஓர் அறைக்கு மட்டும் ஏன் புதுப் பெயிண்ட் என்று கேளுங்கள். உரசும் கதவைப் பற்றியும் கேளுங்கள். கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அந்தச் செலவைப் பார்க்காதீர்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பணம் கொடுப்பதற்கு முன் படியுங்கள். பத்திரம், பழைய கடன் பற்றியும் எழுத நினைத்தேன். வாசலில் தோண்டுகிற ஆட்கள் வந்துவிட்டார்கள், முதல் மீட்டரை இன்று ஆரம்பிக்கிறார்கள்.