மெமரி டம்ப்பை எதில் வாசிப்பது? ஐந்து கருவிகள், ஒரே பிழை

யாழ்ப்பாணத்துப் பஸ் தரிப்பிடப் பலகை ஒன்றுக்கு எஸ்டிஎம்32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் போட்டில் மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைப்போம். ஒவ்வொரு பதிவிலும் ஊர்ப்பெயருக்கு 32 பைற், அடுத்து வழித்தட எண்ணுக்கு 4 பைற். சுன்னாகமும் சாவகச்சேரியும் ஒழுங்காக வருகின்றன. யாழ்ப்பாணம் என்று போட்டால் மட்டும் வழித்தட எண் 141 ஆகிவிடுகிறது. ரேமை அப்படியே கோப்பாக எடுத்தாயிற்று. இனி எதில் திறப்பது?

ஹெக்ஸ்டம்ப் அநேகமான லினக்ஸ் கணினிகளில் இருக்கும். ஆனால் சும்மா ஓட்டினால் இரண்டிரண்டு பைற்றாகச் சேர்த்து, உங்கள் கணினியின் வரிசையில் புரட்டிக் காட்டும்: 00 50 00 20 என்று கிடப்பது 5000 2000 ஆகத் தெரியும். பெரிய எழுத்து 'சி' கொடுத்தே ஓட்டுங்கள். சிறிய 'சி' வேறு வேலை செய்யும். ஒரே மாதிரியான வரிகளை இது ஒற்றை நட்சத்திரமாகச் சுருக்கும். பதிவு எண்ணுகிறவருக்கு இது கரைச்சல். ஃப்ரீஆர்டாஸ் என்ற சிறு இயங்குதளத்தில் ஸ்டாக் (ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவிடம்) பார்க்கிறவருக்கோ வரப்பிரசாதம்: முன்கூட்டியே ஏ5 நிரப்பி இன்னும் பாவிக்காத இடம் நட்சத்திரமாகி, அது முடியும் முகவரியிலேயே எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும்.

நம் பிழைக்கு ஹெக்ஸ்டம்ப் உதவாது. யூடிஎஃப்-8 இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைற். எழுத்துப் பத்தியில் எல்லாமே வெறும் புள்ளிகள்.

ஹெக்ஸில் என்ற கருவி பைற்றுகளுக்கு வண்ணம் பூசும். ஆஸ்கிக்கு வெளியே உள்ளவை ஒரு நிறம், பூச்சியம் வேறு நிறம். யாழ்ப்பாணப் பதிவின் தொடக்கத்துக்குத் தாவித் திறந்தால், யாழ்ப்பாணத்தின் நிறம் இரண்டு வரியை நிரப்பி மூன்றாம் வரியில் ஒரு பைற் வழிந்து நிற்பது கண்ணில் குத்தும். கால், புள்ளி எல்லாம் சேர்த்து 11 குறியீடு, 33 பைற். வழிந்தது 'ம்' மீதுள்ள புள்ளியின் கடைசிப் பைற், அதன் பெறுமதி 141. ஸ்ட்ரிங் நகலெடுக்கும்போது முடிவில் வரும் பூச்சியம் அடுத்த பைற்றையும் அழிக்கிறது. அதனால் பழைய எண் 65,536 இலும் குறைவாக இருந்தால் சரியாக 141 தான் மிஞ்சும். சாவகச்சேரி 30 பைற், தப்பிவிட்டது. பருத்தித்துறை 39: எண்ணையும் தின்று, அடுத்த பதிவின் பெயரைத் தனி ஐகாரக் குறியாக்கிவிடும்.

எக்ஸ்எக்ஸ்டி, விம் என்ற எடிற்றருடன் வரும். வரிக்கு 36 பைற், குழுவுக்கு 4, லிற்றில் எண்டியன் (எண்ணின் சிறிய பைற் முதலில்) என்று கொடுங்கள். ஒரு பதிவு ஒரு வரி, ஒன்பதாவது பத்தி முழுக்க வழித்தட எண். கெட்ட பதிவுகளை மேலிருந்து கீழாக ஒரே ஓட்டத்தில் பிடிக்கலாம். ஹெக்ஸிலால் இது முடியாது, அதன் அகலம் எட்டின் மடங்குதான். முகவரிப் பத்தி, ரேம் தொடங்கும் 20000000 இலிருந்து தொடங்க ஓஃப்செற் கொடுக்கலாம். கோப்பு மட்டும் கையில் இருந்தால் என் தெரிவு இதுதான்.

டீபக் தகவலுடன் எல்ஃப் கோப்பும் (கம்பைலர் தந்த நிரல் கோப்பு) போட்டும் கையில் இருந்தால் இவ்வளவு பாடு தேவையில்லை. ஜிடிபி என்ற டீபக்கரில் பதிவின் பெயரைச் சொல்லி 'பிரிண்ட்' கேட்டால் புலம் புலமாக விரித்துவிடும். ஸ்டாக்கை 'ஏ' வடிவில் பார்த்தால் முகவரிகளுக்குப் பக்கத்தில் ஃபங்ஷன் பெயர் வரும். அங்கே 08000145 போல ஒற்றைப்படையாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது தம்ப் பிற், அதாவது நிரல் தம்ப் கட்டளை வகையில் ஓடுகிறது என்பதற்கான அடையாளம். பயப்பட வேண்டியது பழைய எல்ஃபுக்கு. போட்டில் ஓடுவது வேறு பில்ட் என்றால் ஜிடிபி கூச்சமின்றிப் பொய் சொல்லும். முதலில் 'கம்பேர்-செக்ஷன்ஸ்' ஓட்டிப் பாருங்கள்.

இம்ஹெக்ஸ் அழகானது, சி போன்ற மொழியில் பதிவின் அமைப்பை எழுதினால் புலங்களை நிறம் பிரித்துக் காட்டும். ஒரு தரப் பிழைக்கு அது அதிகம். அதே வடிவத்தை மாதக்கணக்கில் பார்க்கப் போகிறீர்கள் என்றால் எழுதிவையுங்கள். ஒன்று கவனம்: பெயருக்கும் எண்ணுக்கும் நடுவில் 1 பைற் கொடி சேர்த்தால் சி கம்பைலர் தானே 3 பைற் இடைவெளி விட்டுப் பதிவை 40 ஆக்கும். இம்ஹெக்ஸ் விடாது. அந்த 3 பைற் பேடிங்கை நீங்களே எழுதாவிட்டால் முதல் பதிவின் எண்ணிலிருந்தே எல்லாமே சறுக்கும்.