பக்பீடியா: வீரரை வைத்திருப்பதா, விடுவதா என்று பார்க்க ஒரு நல்ல தளம்

யாழ்ப்பாணத்தில் ஹொக்கி என்றால் பள்ளிக்கூட மைதானத்துப் புல்தரை ஹொக்கிதான். ஐஸ் ஹொக்கி எங்கள் வீட்டுக்குள் வந்தது ஸ்காபரோவில் இருக்கிற அண்ணா வழியாக. ரொறன்ரோவில் பின்னேரம் ஏழு மணிக்குத் தொடங்குகிற ஆட்டம் குளிர்காலத்தில் இங்கே விடிய ஐந்தரைக்கு. முதல் தேத்தண்ணியோடு ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணியைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. ஆனால் நான் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறவள். ஆட்டத்தை விட எனக்குப் பிடித்தது யூலை முதலாம் தேதி. ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் எந்த அணியோடும் பேசிக் கையெழுத்து வைக்கலாம் என்று சந்தை திறக்கிற நாள் அது. அங்கே மதியம் பன்னிரண்டு, இங்கே இரவு ஒன்பதரை.

அந்த நாளுக்கு எனக்கு வேண்டிய துணை பக்பீடியா என்ற இணையத்தளம். வட அமெரிக்க ஐஸ் ஹொக்கியின் என்.எச்.எல். லீக்கின் 32 அணிகளுக்கும் ஆளுக்கொரு பக்கம். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரிசை. வயது, வருட வாரியாகச் சம்பளச் செலவு, எந்த வருடம் ஒப்பந்தம் முடிகிறது, முடியும்போது அவர் சுயாதீன வீரரா (எந்த அணிக்கும் போகக்கூடியவரா) இல்லையா, அவரை மாற்ற அவருடைய சம்மதம் வேண்டுமா, எல்லாம் அந்த ஒரே வரியில். அட்டவணைகளைப் பார்க்கக் காசு கேட்கவில்லை. போனில் பார்ப்பதானால் குறுக்காகப் பிடித்துக்கொள்ளுங்கள்; இத்தனை வருடத்தை ஒரு கைபேசியின் அகலத்துக்குள் அடக்க முடியாது.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, சம்பள உச்சவரம்பு. எந்த அணி எவ்வளவு பணக்கார அணியாக இருந்தாலும் அதற்கு மேல் செலவழிக்க முடியாது. 2025-26 பருவத்துக்கு அது 95.5 மில்லியன் டொலர். அடுத்த பருவத்துக்கு 104, அதற்கு அடுத்ததற்கு 113.5 என்று லீக் முன்கூட்டியே அறிவித்திருக்கிறது. இரண்டு, 27 வயது ஆனாலோ ஏழு பருவம் ஆடி முடித்தாலோ, ஒப்பந்தம் தீர்ந்ததும் வீரர் எங்கும் போகலாம். அதற்கு முந்தியவர்களுக்கு வேறு அணி விலை சொன்னால், பழைய அணி அதே விலையைக் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். 2024 ஓகஸ்ட்டில் சென் லூயிஸ் அணி எட்மன்ரனின் இரண்டு இளம் வீரர்களுக்கு, புரோபெர்க்கும் ஹொலவேயும், ஒரே நேரத்தில் விலை சொல்லி இருவரையும் கொண்டுபோனது. எட்மன்ரனிடம் அந்த விலைக்கு உச்சவரம்பில் இடம் இருக்கவில்லை. அன்றைக்கு எட்மன்ரன் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஏன் என்று கேட்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

நான் இந்தத் தளத்தில் முதலில் பார்ப்பது வயதையும் கடைசி வருடத்தையும்தான். தன் அணி வீரருக்கு மீண்டும் ஒப்பந்தம் கொடுப்பதா என்ற கேள்வியில் ஆட்கள் வழுக்குவது அந்த இடத்தில். நேற்று வரை அவர் செய்ததற்குக் காசு கொடுக்கப் பார்க்கிறார்கள். அதற்கான காசு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. இனிக் கொடுக்கப்போவது இனி வரப்போகிற வருடங்களுக்கு.

ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் பிறந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் சனம் நிறைய இருக்கிற ஊர் என்பதால் அண்ணா வீட்டில் இந்த இருவரையும் சொந்தப் பிள்ளைகள் மாதிரித்தான் பேசுவார்கள். மூத்தவர் ஸ்டீவன் ஸ்டாம்கோஸ். அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கிற வருடாந்தத் தெரிவில் 2008-இல் முதல் ஆளாகத் தெரிவாகி, தம்பா பே அணியில் 16 பருவம், 555 கோல். அவர் தலைமையில் 2020, 2021 இரண்டு வருடமும் லீக்கின் ஸ்டான்லி கிண்ணம். 2024 யூலை முதலாம் தேதி அவருடைய ஒப்பந்தம் முடிந்தபோது வயது 34. தம்பா அவரை விட்டது. அவர் நாஷ்விலுக்கு வருடம் 8 மில்லியன் வீதம் நான்கு வருடத்துக்குப் போனார். அதே நாளில் தம்பா 29 வயதுடைய ஜேக் கென்ட்ஸலுக்கு வருடம் 9 மில்லியன் வீதம் ஏழு வருடம் எழுதியது. பதினாறு வருடம் உழைத்தவரை அனுப்பிவிட்டு வெளியாளுக்குக் கூடக் கொடுக்கிறார்களே என்று அண்ணா போனில் கொதித்தார். அடுத்த பருவம் கென்ட்ஸல் 41 கோல். ஸ்டாம்கோஸ் 82 ஆட்டத்தில் 27 கோல், நாஷ்வில் பிளேஓஃப் என்ற கிண்ணச் சுற்றுப் பக்கமே போகவில்லை. ஸ்டாம்கோஸ் மீது எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் தம்பா செய்தது சரி.

இளையவர் மிட்ச் மார்னர். இவருடைய கதைதான் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று. 2015-இல் நான்காவது ஆளாக ரொறன்ரோ எடுத்த உள்ளூர்ப் பிள்ளை. 2024-25 பருவத்தில் கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 102 புள்ளி. 2025 மே மாதம் ஃபுளோரிடாவுடன் பிளேஓஃப் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் சொந்த ஊரிலேயே ஆறுக்கு ஒன்று என்று லீஃப்ஸ் தோற்றதும் சனம் அவர் மேல்தான் பாய்ந்தது. அணி 1967-க்குப் பிறகு கிண்ணம் வெல்லவில்லை. அந்தக் கோபம் யார் மேலாவது இறங்கத்தானே வேண்டும். யூன் 30 அன்று அவர் ரொறன்ரோவோடு எட்டு வருடம், வருடம் 12 மில்லியன் என்று கையெழுத்து வைத்தார். வைத்த கையோடு வேகாஸ் அணிக்கு மாற்றப்பட்டார். பதிலுக்கு வந்தவர் நிக்கொலஸ் ருவா.

ஏன் இப்படிச் சுற்றி வளைத்தார்கள் என்றால், எட்டாவது வருடத்தைக் கொடுக்கிற உரிமை அப்போது சொந்த அணிக்கு மட்டும்தான் இருந்தது. அடுத்த நாள் சந்தையில் வேகாஸ் நேரே பேசியிருந்தால் ஏழு வருடம்தான் கொடுத்திருக்கலாம். அந்த ஒரு வருடத்துக்கு வேகாஸ் கொடுத்த விலைதான் ருவா. 102 புள்ளி எடுத்தவரை இழந்து கையில் கிடைத்தது அவ்வளவுதான்.

இனிக் கணக்கு. 2019-இல் மார்னருக்கு வருடம் 10.903 மில்லியன் கொடுத்தபோது உச்சவரம்பு 81.5 மில்லியன். அதாவது அணியின் மொத்தத்தில் 13.4 வீதம். இப்போதைய 12 மில்லியன் 95.5-இல் 12.6 வீதம். 113.5 மில்லியன் ஆகிற வருடத்தில் 10.6 வீதத்துக்கு இறங்கிவிடும். டொலரில் ஏறுகிறது, பங்கில் இறங்குகிறது. கையெழுத்து வைத்தபோது வயது 28. இன்னும் நாலைந்து நல்ல வருடம் நிச்சயம் இருக்கிற வயது. ஸ்டாம்கோஸை விட்டது சரியென்றால் அதே அளவுகோலால் மார்னரை விட்டது தவறு. 2024 யூலையிலிருந்து புதிய ஒப்பந்தம் எழுத லீஃப்ஸுக்கு வழி இருந்தது. எழுத முடியாவிட்டால் அப்போதே மாற்றப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய வரியில் இன்னொரு குறிப்பும் நின்றது: அவர் சம்மதிக்காமல் எங்கும் மாற்ற முடியாது. அந்த உரிமையை 2019-இல் கொடுத்தது அணிதான்.

ஜோன் ரவாரஸ் விஷயத்தில் மட்டும் லீஃப்ஸ் நன்றாகச் செய்தது. 2018-இல் ஏழு வருடத்துக்கு 77 மில்லியன் கொடுத்து வெளியிலிருந்து கொண்டுவந்தவர். 34 வயதில் ஒப்பந்தம் முடிந்தபோது வருடம் 4.4 மில்லியன் அளவுக்கு இறங்கி நான்கு வருடம் எழுதினார். முந்தைய பருவத்தில் 38 கோல் போட்டவர். இந்த விலைக்கு நான்காவது வருடம் அவர் தளர்ந்துபோனாலும் அணி தாங்கும்.

என் நியாயத்துக்கு ஒத்துவராத அணியும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2025-இல் இரண்டாவது தடவையாகத் தொடர்ந்து கிண்ணம் வென்ற ஃபுளோரிடா, சந்தை திறக்க முதலே தன் மூன்று பேரையும் பிடித்துவைத்தது: சாம் பெனட்டுக்கு எட்டு வருடம், ஏக்பிளாட்டுக்கு எட்டு, 37 வயது பிராட் மார்ஷண்டுக்கு ஆறு. மார்ஷண்ட் வரியில் கடைசி வருடத்தின் வயதைப் பாருங்கள். அந்தக் கடைசி வருடங்கள் பாரமாகத்தான் இருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் மூவருக்கும் எழுதிய விலை சந்தை கொடுத்திருக்கக்கூடியதை விடக் குறைவு. அது மறுக்க முடியாதது.

பக்பீடியாவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பைஅவுட் கணக்கி. ஒரு வீரரின் ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் அணிக்கு எவ்வளவு செலவு, எத்தனை வருடத்துக்கு என்று போட்டுக்காட்டும். 26 வயது ஆனவர் என்றால் மிச்சச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மிச்ச வருடத்தைப் போல இரண்டு மடங்கு காலத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போனஸில் ஒரு சதமும் குறையாது. ஏஜென்டுகள் போனஸாகக் கேட்டு வாங்குவது இதனால்தான்.

இதை வகுப்பில் காட்டினேன். எடுத்த உதாரணம் ஒலிவர் எக்மன்-லார்சன். 2023 யூனில் வன்கூவர் இவருடைய ஒப்பந்தத்தை முறித்தது. மிச்சம் இருந்தது நான்கு வருடம். எனவே செலவு எட்டு வருடம், 2030-31 வரைக்கும் ஓடும். அதில் இரண்டு வருடம் 4.7 மில்லியனுக்கு மேல். அவரோ ஃபுளோரிடாவுக்குப் போய் 2024-இல் கிண்ணம் வென்று, அங்கிருந்து ரொறன்ரோவுக்கு வருடம் 3.5 மில்லியனுக்கு வந்துவிட்டார். முன்வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று திரையைப் பார்த்தபடியே, "அப்ப ரீச்சர், ஆள் இல்லை, செலவு மட்டும் கணக்கிலை நிக்குதோ?" என்று கேட்டது. கணக்கீட்டில் பொறுப்பு என்றால் என்ன என்று அதற்குப் பிறகு அந்த வகுப்புக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு மினசோட்டாவைக் காட்டினேன். 2012-இல் பரிஸே, சூட்டர் இருவருக்கும் ஆளுக்கு 13 வருடம், 98 மில்லியன் எழுதி, 2021-இல் இருவரையும் ஒரே நாளில் முறித்த அணி. 2023-24, 2024-25 பருவங்களில் தனக்காக ஆடாத இந்த இருவருக்காக வருடம் 14.7 மில்லியன் அந்த அணியின் உச்சவரம்பில் அடைபட்டுக் கிடந்தது. அந்தச் சுமை பெரும்பாலும் இறங்கியபின் தங்கள் நட்சத்திர வீரர் கப்ரிசோவுக்கு எட்டு வருடத்துக்கு 136 மில்லியன் எழுதினார்கள்.

இந்த மாதிரித் தளம் நிலைத்து நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இதற்கு முதல் கப்கீக் என்று ஒன்று இருந்தது. கனடாவின் ஹலிஃபக்ஸ் நகரத்து மத்யூ வூஸ்ட் என்ற பத்திரிகையாளர் நடத்தினார். உடல்நிலை மோசமாகி 2015 தொடக்கத்தில் மூடினார், அதே வருடம் காலமானார். அடுத்து வந்த கப்ஃபிரெண்ட்லியை அணி முகாமையாளர்களே பாவித்தார்கள் என்பார்கள். 2024-இல் வொஷிங்டன் அணி அதை விலைக்கு வாங்கியது. யூலையில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. பழைய ஒப்பந்தங்களைத் தேடிப் படித்த என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு நூலகம் பூட்டுப்பட்ட மாதிரி. பக்பீடியா அப்போது இருந்தபடியால் நாங்கள் தப்பினோம். வேலைக்காகப் பாவிக்கிறவர்கள் வேண்டிய பக்கத்தை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்வது நல்லது, நான் அப்படித்தான் செய்கிறேன்.

அட்டவணையில் தெரியாதவையும் உண்டு. அங்கே இருப்பது வரிக்கு முந்திய தொகை. ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோவில் மேல்மட்ட வருமானத்துக்கு மத்திய, மாகாண வரி சேர்ந்து 53 வீதத்துக்கு மேல். வேகாஸ் இருக்கிற நெவாடாவிலும், ஃபுளோரிடாவிலும், நாஷ்வில் இருக்கிற டென்னசியிலும் மாநிலச் சம்பள வரி இல்லை. ஆகவே 12 மில்லியன் எல்லா ஊரிலும் ஒரே 12 மில்லியன் கிடையாது. மார்னரின் இளம் குடும்பம் ரொறன்ரோவில் பட்ட நெருக்குதல், ஒருவர் தன் வீட்டு வாசலில் நிம்மதியாக நடக்க வேண்டும் என்று விரும்புவது, இதற்கெல்லாம் ஒரு நிரலும் கிடையாது. அணி வேண்டும் என்றாலும் வீரர் வேண்டாம் என்று சொல்லலாம். அதற்காகத்தானே சுயாதீன வீரர்.

பக்.ஜீ.எம். என்ற பகுதியில் நீங்களே முகாமையாளராகி ஆட்களை எடுத்து, விட்டு, மாற்றிப் பார்க்கலாம். அண்ணாவும் நானும் இப்போது அதில் பிரச்சினைப்படுவது லீஃப்ஸ் வீரர் ஒஸ்டன் மத்யூஸ் பற்றி. வருடம் 13.25 மில்லியன், 2027-28 பருவத்தோடு முடிகிறது. அப்போது வயது 30, செப்டெம்பரில் 31. லீக்கும் வீரர் சங்கமும் செய்த புதிய தொழில் உடன்பாட்டில் 2026 செப்டெம்பர் முதல் சொந்த அணி ஏழு வருடமும் வெளி அணி ஆறும்தான் கொடுக்கலாம். 2027 யூலையில் பேச்சைத் தொடங்கலாம். அண்ணா முழு ஏழையும் கொடு என்கிறார். நான் ஐந்து வருடம் போட்டு, உச்சவரம்பில் 12 வீதத்துக்கு மேல் போகாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். அதற்கு மத்யூஸ் சம்மதிக்காவிட்டால் பருவம் தொடங்க முதலே மாற்றப் பார்ப்பேன்.