பரவைக்கடல் உளுவையா, பாறைக்குழி உளுவையா?

யாழ்ப்பாணத்தில் வீட்டுத் தொட்டியில் உளுவை மீன் வளர்க்க ஆசைப்பட்டால் இரண்டு வழி உண்டு. பண்ணை, அரியாலைப் பக்கம் பரவைக்கடல் என்னும் களப்பின் சேற்றோடு கிடக்கும் சின்ன உளுவைகள் ஒன்று. பருத்தித்துறைக் கரையில், கடல் வற்றும்போது முருகைக்கல் (பவளப்பாறை) குழிகளில் தங்கிவிடும் பாறைக்குழி உளுவைகள் மற்றது. இரண்டும் விரல் நீளம்தான். இரண்டையும் வளர்த்திருக்கிறேன். முதல் தொட்டிக்குப் பரவைக்கடல் உளுவையைத்தான் சொல்வேன்.

காரணம் தண்ணீர். பரவைக்கடல் ஆழமில்லாதது, ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு இறங்கும், கோடையில் திரும்ப ஏறும். அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகிய மீன், நாம் விடும் சிறு பிழைகளையும் தாங்கும். உப்புமானி ஒப்படர்த்தியை 1.010 முதல் 1.015 வரை காட்டினால் போதும், ஏறக்குறையப் பாதி கடல்நீர், பாதி நல்ல தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறியது, கடினமானது. இந்த மீனுக்கு அது ஒத்துப்போகும். தோட்டத்துக்கு நடுவில் உள்ள கிணறு என்றால் உரத்தின் நைத்திரேற்று கலந்திருக்கும், அதைத் தவிர்த்து மழைத்தண்ணீர் பிடியுங்கள்.

பாறைக்குழி உளுவைக்கோ 1.023க்குக் கீழே இறங்கக் கூடாது. சோளகக் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும்போது, வடகடல் அடங்கியிருக்கும்; அப்போது கடல்நீரைக் கான்களில் அள்ளிவந்து இருட்டில் சேமிக்க வேண்டும். வாடைக்காற்றுத் தொடங்கினால் அந்தக் கரையில் நிற்கவே முடியாது. தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். இது தெரியாமல் குறைந்ததையெல்லாம் கடல்நீராலேயே நிரப்பி, ஒரு சித்திரை மாதத்தில் இரண்டு மீன்களை இழந்தேன். இப்போதும் நினைத்தால் மனம் கனக்கும்.

ஆனையிறவு உப்பைக் கரைத்தால் சரிதானே என்று கேட்பார்கள். கறியுப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு. கடல்நீரின் மக்னீசியமும் கல்சியமும் அதில் போதாது.

சரி, பார்க்க எது அழகு? அங்கே பாறைக்குழி உளுவைதான் முன்னால் நிற்கும். அதே பேரினத்து அத்திலாந்திக் உளுவை ஒன்றை வைத்து அரன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1951இல் எழுதியிருக்கிறார்: கடல் நிறைந்திருக்கும்போது அது குழிகளின் மேல் நீந்தித் திரிந்து இடத்தை மனதில் பதிக்கும், வற்றியபின் பக்கத்துக் குழி கண்ணுக்குத் தெரியாமலே குறிதவறாமல் அதற்குள் பாயும். அப்படிப்பட்ட மீனுக்கு இறுக்கமான மூடி கட்டாயம்.

பரவைக்கடல் உளுவையின் அழகு கிட்டப் போனால்தான் தெரியும். மணலை வாய் நிறைய அள்ளி, மென்று, செவுள் வழியே கொட்டும். கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்போது வயிற்றுப் பக்கம் பாருங்கள்: இரண்டு துடுப்புகள் ஒன்றாகி, சின்னக் கிண்ணம் போல ஒட்டியிருக்கும். ஒரு எச்சரிக்கை: கீழ்த்தாடை நீண்ட, வாய் பெருத்த குஞ்சை எடுக்காதீர்கள். அது கறிக்கு வாங்கும் பெரிய உளுவை, சாணுக்கு மேல் வளர்ந்து மற்றதையெல்லாம் விழுங்கிவிடும்.

தீன் இரண்டுக்கும் ஒன்றுதான், கூனியும் பொடியாக நறுக்கிய இறாலும். கரண்ட் போகும் நேரத்துக்கு பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பும் ஒன்று வேண்டும்.

மட்டிக்கோது ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். என் பரவைக்கடல் சோடி போன மாரியில் அதன் உட்கூரையில் முட்டை ஒட்டியது. ஆண் மீன் வெளியே வராமல், துடுப்பால் தண்ணீரை விசிறிக்கொண்டே கிடந்தது.